தண்ணி குடிக்காத டிரைவர்

பிரேக் அக்கா ஒரு பயணியைப் பார்த்துக் கத்திவிட்டாள் என்ற செய்தி, அவளுடைய பஸ் பணிமனைக்குத் திரும்பும் முன்பே அங்கே வந்து சேர்ந்துவிட்டது. யாரும் நம்பவில்லை.

"யாரு, நம்ம பிரேக் அக்காவா? போ போ, வேற யாரையாவது பார்த்திருப்பே" என்றார் தலைமை மெக்கானிக்.

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தப் பெயரே அவளுக்குப் பொறுமையால் வந்ததுதான். ஸ்டியரிங் பிடித்த நாளிலிருந்து ஒரு கோழிக்குஞ்சைக்கூட அவள் இடித்ததில்லை. போனைப் பார்த்துக்கொண்டே எவனாவது குறுக்கே நடந்தால், மற்ற டிரைவர்கள் ஜன்னலில் தலையை நீட்டி அவன் பரம்பரையையே விசாரிப்பார்கள். இவள் பிரேக்கை மெதுவாக மிதித்துவிட்டு, அவன் அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை காத்திருப்பாள். இவள் ஓட்டும் வண்டியில் நின்றுகொண்டே டீ குடிக்கலாம், ஒரு சொட்டு சிந்தாது என்பார்கள்.

அப்படிப்பட்டவள் அன்று ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்த மறந்துவிட்டாள். வருஷக்கணக்காக நிறுத்திய இடம். கை தானாக ஒடிக்கிற வளைவு. அன்று அது மனதிலிருந்து அழித்த மாதிரி போய்விட்டது. ஊன்றுகோலோடு ஒரு பெரியவர் முன்னால் வந்து, "ஏம்மா, தூங்கிட்டியா?" என்று கேட்டார். கேட்டதில் கோபம்கூட இல்லை.

"எறங்கணும்னா முன்னாடியே எழுந்து வரத் தெரியாதா? ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்பிடணுமா?" என்று அவள் போட்ட சத்தத்தில் கடைசி சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

பெரியவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வந்த வழியே நடந்தார். கண்ணாடியில் அவர் முதுகைப் பார்த்தபோது இவளுக்கு மன்னிப்புக் கேட்கத் தோன்றியது. ஆனால் அதற்குள், சில மாதமாக அவளைப் படுத்திக்கொண்டிருந்த அந்தச் சூடு மறுபடி ஏறத் தொடங்கிவிட்டது. நெஞ்சில் பற்றி, கழுத்துக்கு வந்து, காது மடல்வரை தீயாக எரிந்தது. நீலச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வெளியே மழைக்கு முந்தின குளிர்ந்த காற்று வீசிக்கொண்டிருந்தது. பயணிகள் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கண்டக்டர் கேட்டான். அவளைவிடப் பாதி வயசுக்காரன். அவனிடம் எதைச் சொல்வது? "ஒண்ணுமில்ல, விசில் அடி" என்றாள்.

ஒன்றுமில்லாமல் இல்லை. மாதவிலக்கு நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நின்றபோது, விட்டது தொல்லை என்று சந்தோஷப்பட்டாள். தொல்லை வேறு கதவு வழியாக வந்தது. தூக்கம் கெட்டது. முழங்கால் கிளட்ச் மிதிக்கும்போதெல்லாம் முனகியது. வைத்த இடத்தில் மூக்குக்கண்ணாடி இருக்காது. எல்லாவற்றையும்விட மோசம், தும்மினாலோ வாய்விட்டுச் சிரித்தாலோ இரண்டு சொட்டு கசிந்துவிடும். அதனால் சிரிப்பதையே குறைத்துக்கொண்டாள். காலையில் வீட்டில் குடிக்கும் அரை டம்ளரோடு சரி, ஷிஃப்ட் முடியும்வரை தண்ணீரைத் தொடமாட்டாள். கடைசி நிறுத்தத்தில் ஒரு கழிப்பறை இருந்தது, ஆனால் அது பூட்டியே கிடந்தது. ஆண் டிரைவர்கள் சுவரோரம் ஒதுங்கிவிடுவார்கள். இவள் எங்கே போவாள்?

"தண்ணியே குடிக்காத டிரைவர் இந்த டிப்போவிலேயே நீங்க ஒருத்தர்தான்" என்று மெக்கானிக் சிலேடையாகச் சொல்லிச் சிரிப்பார். சேர்ந்து சிரிக்கப் பயந்து, அவள் உதட்டைக் கடித்துக்கொள்வாள்.

வீட்டிலும் நிம்மதியில்லை. அவள் புருஷன் கடைத்தெருச் சந்தில் பூட்டு ரிப்பேர் செய்பவர். சாவி தொலைத்தவர்கள் ஊரில் குறைந்தா போய்விட்டார்கள், பிழைப்புக்குக் குறைவில்லை. பேச்சுதான் குறைவு. அவர் பேசுகிற பேச்சைப் பூட்டுகள்தான் கேட்டிருக்கும். இவள் மின்விசிறியை முழுவேகத்தில் வைத்தால் அவர் போர்வைக்குள் கூட்டுப்புழு மாதிரிச் சுருண்டுகொள்வார். ஒருநாள் தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார். காரணம் சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை. 'என்னைப் பிடிக்காமப் போச்சு போல' என்று தானாகவே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டாள்.

மாடியில் மூத்த ஓரகத்தி இருந்தாள். புருஷனின் அண்ணன் மனைவி. அண்ணன் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. ஒரு காலத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசராக இருந்தவள். இப்போது முதுகு லேசாகக் கூனி, உயரம் குறைந்து, மேல் தட்டில் இருக்கிற டப்பாவை எடுக்க ஸ்டூல் போட்டு ஏறுகிறாள். ஆனால் நாக்கு மட்டும் ஒரு அங்குலம்கூடக் குறையவில்லை. பிரேக் அக்கா வெட்கத்தை விட்டு ஒருநாள் அவளிடம் கேட்டாள்: "அக்கா, உங்களுக்கும் இப்படித்தான் இருந்துச்சா?"

"எல்லாருக்கும் வர்றதுதான். ஊர்ல நீதான் மொத ஆளா? வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு" என்றாள் மூத்தவள்.

வேலையைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. இன்று ஒரு நிறுத்தத்தை மறந்தாள். நாளைக்கு சிக்னலை மறந்தால்? பின்னால் அறுபது உயிர் உட்கார்ந்திருக்கிறது. டிரைவர்களுக்கான உடல் தகுதிச் சோதனை வேறு வரப்போகிறது. கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதற்கு முன் நாமே இறங்கிவிடுவது மரியாதை என்று நினைத்து, மேனேஜர் அறைக்குப் போய், பாஸ் கொடுக்கும் கவுண்டர் வேலைக்கு மாற்றிவிடச் சொன்னாள்.

"உங்களுக்கு ஓய்வு வேண்டியதுதான்மா, எவ்வளவு காலம் ஓட்டிட்டீங்க. ரெண்டு மாசத்துல மாத்திடலாம்" என்று மேனேஜர் உடனே தலையாட்டினார். இரண்டு வார்த்தை மறுத்துப் பேசுவார் என்று அவள் உள்ளூர எதிர்பார்த்திருந்தாள் போலிருக்கிறது. வெளியே வந்ததும் தன் பஸ்ஸின் பக்கவாட்டில் சாய்ந்து, கண்ணில் தூசி விழுந்தவள் மாதிரி கொஞ்ச நேரம் நின்றாள்.

அந்த வாரமே மூத்த ஓரகத்தி விழுந்தாள். மாடியிலிருந்தோ ஸ்டூலிலிருந்தோ விழவில்லை. வாசல் மிதியடியில் கால் தடுக்கி, நின்ற இடத்திலேயே சரிந்து, கையை ஊன்றினாள். அவ்வளவுதான். மணிக்கட்டு முறிந்துவிட்டது.

பிரேக் அக்கா லீவு போட்டு அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். கட்டுப் போட்ட பிறகு எலும்பு எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்று படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டவர், படத்தை மேஜையில் வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"இப்படி விழுந்ததுக்கு இந்த எலும்பு முறிஞ்சிருக்கக் கூடாது. எலும்பு ரொம்ப மெலிஞ்சு போச்சும்மா. மாதவிலக்கு நின்ன பிறகு வேகமாக் குறையும். யாரும் உங்ககிட்ட சொல்லலையா?"

"யாரு சொல்லுவா? கேட்டாத்தானே" என்றாள் மூத்தவள் சுவரைப் பார்த்து.

அந்த நேரம் பார்த்து இளையவளுக்குச் சூடு ஏறியது. கைக்குட்டையால் கழுத்தை ஒற்றிக்கொண்டு, மேஜைமேல் இருந்த அட்டையை எடுத்து விசிறிக்கொண்டாள். டாக்டரம்மாவின் கண் அவள்மேல் திரும்பியது. "உங்களுக்கு எப்ப நின்னுது?"

இவள் திணறுவதற்குள் மூத்தவள் குறுக்கே புகுந்தாள். "அவளுக்கென்ன குறைச்சல்? பஸ் ஓட்டறா, நாள் முழுக்க ஊர் சுத்தறா. இரும்பு உடம்பு."

"சுத்தறது பஸ்ஸும்மா. இவங்க உக்காந்துதானே இருக்காங்க?"

மூத்தவள் வாயடைத்துப் போனதை அன்றுதான் இளையவள் முதல்முறை பார்த்தாள். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பயத்தில் கால்களை இறுக்கிக்கொண்டாள். அதையும் டாக்டரம்மா பார்த்துவிட்டார். "சிரிச்சா கசியுதா?" என்று சாதாரணமாகக் கேட்டார், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோல. இத்தனை மாசமாகக் கல்லைக் கட்டிக் கிணற்றில் போட்டு வைத்திருந்ததெல்லாம் அந்த ஒரு கேள்வியில் மேலே வந்துவிட்டது. சூடு, தூக்கம், மறதி, பெரியவரைத் திட்டியது, தண்ணீர் குடிக்காதது, கவுண்டர் வேலை, எல்லாவற்றையும் கொட்டினாள்.

டாக்டரம்மா நடுவில் பேசாமல் கேட்டார். பிறகு சொன்னார்: "புத்தி மழுங்கிப் போச்சுன்னு பயப்படாதீங்க. தூங்காத ஆளுக்கு மறதி வராம என்ன வரும்? ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு எல்லாம் பார்த்திடலாம். சூட்டுக்கு மருந்தே இருக்கு, உங்க உடம்புக்கு ஒத்துக்குமான்னு பார்த்து முடிவு பண்ணலாம். ஆனா மருந்து மட்டும் போதாது. தசைக்கும் எலும்புக்கும் வேலை குடுக்கணும். பாரம் தூக்கணும், நடக்கணும். பருப்பு, முட்டை, பால், எது பிடிக்குதோ அதை வயிறார சாப்பிடணும். தண்ணி குடிக்கணும். குடிக்காம அடக்கி வெச்சா மூத்திரப் பை இன்னும் கெட்டுத்தான் போகும்."

மருந்து வாங்கும் இடத்தில் பெரிய கூட்டம். இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவள் தன் கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் எக்ஸ்சேஞ்ச் வேலையை ஏன் விட்டேன் தெரியுமா?" என்றாள் திடீரென்று.

"கண் வலின்னு சொன்னீங்களே அக்கா."

"கண்ணும் இல்ல, காதும் இல்ல. இதுதான். பேசிக்கிட்டே இருப்பேன், அடுத்த வார்த்தை வராது. அதோட விட்டுச்சா? நிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் உதிரம் கட்டுக்கடங்காமப் போச்சு. ஒருநாள் நாற்காலியே பாழாப் போச்சு. எனக்குக் கீழ வேலை பார்த்த பொண்ணுங்க முன்னாடி. அடுத்த நாள் நான் போகல. அப்புறம் போகவே இல்ல."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"உங்கிட்டயா?" மூத்தவள் மூக்கை உறிஞ்சினாள். "தினம் காலையில நீ சாவியை ஆட்டிக்கிட்டு வேலைக்குக் கெளம்பற சத்தம் மாடிக்குக் கேக்கும். வயிறு எரியும் எனக்கு. அன்னைக்கு நீ வந்து கேட்டப்போ, நல்லா படட்டும்னுதான் அப்படிச் சொன்னேன். படட்டும்னு சொன்னேன், கேட்டியா? இப்ப நீயும் கவுண்டர்ல போய் உக்காரப் போறேங்கிற. வேண்டாம்டி. குடுத்த வார்த்தையைத் திருப்பி வாங்கு."

இளையவள் அவளைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் வந்தது. அழுகையும் வந்தது. கடைசியில் மூத்தவளின் நல்ல கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

மேல்தளத்தில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பிசியோ பெண்ணிடம் இருவரையும் அனுப்பினார்கள். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காரச் சொன்னாள் அவள். இது ஒரு வேலையா என்று ஆரம்பித்த பிரேக் அக்காவுக்குச் சீக்கிரமே தொடை நடுங்கியது. கசிவுக்குச் சொன்னதுதான் வேடிக்கை. சிறுநீரை அடக்குகிற தசையை இறுக்கிப் பிடித்து, மூச்சை அடக்காமல், மெதுவாக விட வேண்டும். "டிரைவர்தானே நீங்க? சிவப்பு விளக்குல பிடிங்க, பச்சைல விடுங்க" என்றாள். ஊரே சபிக்கிற கடைத்தெரு சிக்னல் அன்றிலிருந்து பிரேக் அக்காவுக்கு மட்டும் பிடித்துப்போனது. அவள் முகம் அங்கே அவ்வளவு தீவிரமாக இருப்பதைப் பார்த்த கண்டக்டர், அக்கா ஏதோ பிரார்த்தனை செய்கிறாள் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடுவான்.

பாரம் தூக்கச் சொன்னார்களே, அதற்கு என்ன செய்வது என்று வீட்டில் பேச்சு வந்தபோது, பூட்டுக்காரர் எழுந்து வெளியே போனார். மறுநாள் கடையிலிருந்து வரும்போது இரண்டு கான்வாஸ் பைகள் கொண்டுவந்தார். உள்ளே களிம்பேறிய பழைய பித்தளைப் பூட்டுகள், துருப்பிடித்த இரும்புப் பூட்டுகள். பிடிக்கக் கைப்பிடி தைத்து வாங்கியிருந்தார். "பழகப் பழக ஒவ்வொண்ணாப் போட்டுக்கலாம். அண்ணிக்குச் சின்னப் பை. கட்டுப் பிரிச்சப்புறம், பிசியோ சொன்னப்புறம்" என்றார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதே பெரிய விஷயம்.

முதல் வாரம் ஆர்வக்கோளாறில் பையில் அள்ளிப்போட்டுத் தூக்கி, பிரேக் அக்கா தோளைப் பிடித்துக்கொண்டாள். பிசியோ பெண்ணிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு மறுபடி இரண்டே பூட்டிலிருந்து ஆரம்பித்தாள். மூத்தவள் வேறு ரகம். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் எண்ணிக்கையில் கள்ளாட்டம் ஆடுவாள். நாலுக்கு அப்புறம் ஏழு. "எக்ஸ்சேஞ்ச்ல இப்படித்தான் நம்பர் போட்டீங்களா?" என்று இளையவள் கேட்க, கூடத்திலிருந்து பூட்டுக்காரர் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவர் சிரித்தது அவளுக்கு ஏதோ துணிச்சலைக் கொடுத்தது. மூத்தவள் மாடிக்குப் போனதும் கேட்டுவிட்டாள்.

"ஏங்க, என்னைப் பிடிக்காமத்தானே கூடத்துக்குப் போய்ப் படுத்தீங்க?"

அவர் நிஜமாகவே திகைத்துப் போனார். "நான் பக்கத்துல இருந்தா எனக்காக ஃபேனைக் குறைப்பே. குறைச்சா உனக்கு வேர்க்கும். அதான் எழுந்து போயிட்டேன்."

"அதை வாயால சொல்றதுக்கென்ன? முத்தா உதிர்ந்திடும்?"

"நீ கேக்கலையே" என்றார் பாவமாக. அன்று தலையணை திரும்பி வந்தது. கூடவே இன்னொரு போர்வையும்.

அடுத்து மேனேஜர். அவர் அறையில் அப்போது தலைமை மெக்கானிக்கும் கண்டக்டரும் இருந்தார்கள். இருக்கட்டும் என்று உட்கார்ந்தாள்.

"சார், கவுண்டர் வேலை வேண்டாம். நான் ஓட்டறேன். டாக்டர்கிட்ட காட்டிட்டேன், ஓட்டக்கூடாதுன்னு எதுவும் இல்ல. எனக்கு வந்திருக்கறது நோயில்ல, மாதவிலக்கு நின்ன வயசு. ஒடம்பு திடீர்னு கொதிக்கும், அடங்கும். தண்ணி குடிக்கணும், குடிச்சா ஒதுங்க இடம் வேணும். கடைசி நிறுத்தத்துல இருக்கற கழிப்பறையைத் திறந்து விடுங்க. எனக்கு மட்டும் இல்ல. நம்ம லேடி கண்டக்டருங்க அத்தனை பேரும் நாக்கு வறண்டுதான் வேலை பார்க்கறாங்க, கேட்டுப் பாருங்க."

மேனேஜர் கூரையைப் பார்த்தார். கண்டக்டர் தன் டிக்கெட் மெஷினைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தான். மெக்கானிக்தான் முதலில் வாயைத் திறந்தார். "நான் பாட்டுக்குத் தண்ணி குடிக்காத டிரைவர்னு கிண்டல் பண்ணிக்கிட்டிருந்தேன். இதுதான் காரணம்னு தெரியாமப் போச்சேம்மா."

"திறக்கறதுல எனக்கொண்ணும் இல்ல" என்றார் மேனேஜர் கனைத்துக்கொண்டு. "சாவி யார்கிட்ட இருக்குன்னே தெரியல. பழைய மேனேஜர் காலத்துலயே தொலைஞ்சு போச்சு."

"இவ்வளவுதானா சார்? எங்க வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கறார்னு உங்களுக்குத் தெரியாதா?"

மறுநாள் பூட்டுக்காரர் தன் கருவிப்பெட்டியோடு அவள் பஸ்ஸிலேயே கடைசி நிறுத்தத்துக்கு வந்தார். டிக்கெட் எடுத்துக்கொண்டுதான் வந்தார். பூட்டு துருவேறி இறுகிக் கிடந்தது. எண்ணெய் விட்டு, தட்டி, காதை வைத்துக் கேட்டு, கடைசியில் சொடக்குப் போடுவதுபோல் திறந்தார். உள்ளே உடைந்த பெயர்ப்பலகைகள், ஒட்டடை, ஒரு செத்த பல்லி. குழாயைத் திருகியதும் முதலில் காற்று சீறியது, பிறகு செம்மண் நிறத்தில் ஒழுகியது, பிறகு தெளிந்து கொட்டியது. கூடியிருந்த பெண் கண்டக்டர்கள் கைதட்டினார்கள். ஒருத்தி பூட்டுக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டாள். மனிதர் வெட்கத்தில் காது சிவந்து, உட்கார்ந்து ஆளுக்கொரு சாவி வெட்டத் தொடங்கினார். எதிர்க்கடையில் டீ போடும் அம்மாளும் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அந்தப் பெரியவரை அவள் மறுபடி பார்த்தது அதற்குப் பிறகுதான். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் அவர் இறங்கப்போகும்போது, எழுந்து நின்று, "ஐயா, அன்னைக்கு நான் அப்படிப் பேசினது தப்பு, மன்னிச்சிடுங்க" என்றாள். உடம்பு படுத்திய பாட்டையும் இரண்டு வார்த்தையில் சொன்னாள்.

பெரியவர் திரும்பினார். "என் வீட்டுக்காரி இந்த வயசுல என்மேல தட்டையே வீசினா. நீ வார்த்தையைத்தானே வீசினே" என்றார். பிறகு குரல் இறங்கியது. "அவளை நான் அப்ப ஒரு டாக்டர்கிட்டயும் கூட்டிட்டுப் போகல. கோபக்காரின்னு பேர் வெச்சுட்டேன். நீ போய்க் காட்டினது நல்லதும்மா." ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

தகுதிச் சோதனையில் தேறினாள். பிரமாதமாக ஒன்றுமில்லை, ரத்த அழுத்தம் கொஞ்சம் கூட இருக்கிறது, உப்பைக் குறைத்து ஆறு மாதத்தில் மறுபடி வரவேண்டும் என்றார்கள். சூடு முழுசாக நின்றுவிடவும் இல்லை. டாக்டரம்மா கொடுத்த மருந்தில் வருவது குறைந்திருக்கிறது. வந்தால் ஜன்னலைத் திறந்து, பாட்டிலை எடுத்து இரண்டு மடக்குக் குடித்து, அது தன்பாட்டுக்கு வந்து போகட்டும் என்று விட்டுவிடுவாள். தூக்கம் சில நாள் வருகிறது, சில நாள் ஏமாற்றுகிறது. முழங்கால் மட்டும் முனகலை நிறுத்திவிட்டது. மெக்கானிக் ஜோக் சொன்னால் இப்போது தைரியமாகச் சிரிக்கிறாள்.

மூத்தவள் கட்டுப் பிரித்து, தடுமாறாமல் மாடிப்படி ஏறி இறங்கப் பழகி, ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் கடைத்தெரு சிக்னலை ஒட்டிய பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றாள். ஓரகத்தி ஓட்டும் வண்டியில் இத்தனை வருஷத்தில் அவள் ஏறியதே இல்லை. நல்ல கூட்டம். ஒரு கல்லூரிப் பெண் சட்டென்று எழுந்து, "உக்காருங்க பாட்டி" என்றாள்.

"பாட்டியா? நீ உக்காரும்மா. நிக்கறதுதான் எலும்புக்கு நல்லது. டாக்டரே சொல்லியிருக்காங்க."

"டாக்டர் ஓடற பஸ்ஸுல நிக்கச் சொல்லல" என்று முன்னாலிருந்து குரல் வந்தது. பிரேக் அக்கா கண்ணாடியில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, உக்காருங்க. நீங்க உக்காராம வண்டி நகராது."

"பச்சை விழுந்திடுச்சுடி."

"விழட்டும்."

பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது, இன்னொன்று சேர்ந்துகொண்டது. மொத்த பஸ்ஸும் திரும்பி மூத்தவளைப் பார்த்தது. அவள் இரண்டு பக்கமும் முறைத்துவிட்டு, கையை எங்கும் ஊன்றாமல், முதுகை நிமிர்த்தி, சீட்டில் உட்கார்ந்தாள்.

"போதுமா? இப்ப எடு" என்றாள்.

வண்டி மெல்ல நகர்ந்தது.